ஐந்து சென்ட் குட்டை

ஜூலை 21
மேட்டூரிலிருந்து 200 மீன்குஞ்சு வந்து இறங்கியது. சென்ட்டுக்கு 40 என்பது கணக்கு. "இத்தன தண்ணிக்கு இவ்வளவுதானா?" என்று அம்மாவுக்கு ஏமாற்றம். பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் மிதக்கவிட்டேன். இரண்டு தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வராமல் கொட்டினால் குஞ்சு தாங்காது. கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். ஒரே வீட்டில் மூன்று குடித்தனம்.

ஆகஸ்ட் 30
கடலைப் புண்ணாக்கும் தவிடும் சரிக்குச் சரி. ஓட்டை போட்ட யூரியா சாக்கில் கட்டித் தொங்கவிடுகிறேன். முட்டி முட்டித் தின்கின்றன. மீன்கொத்திக்குப் பயந்து மேலே கயிறு கட்டினேன். அது இப்போது கயிற்றில் உட்கார்ந்து குறி பார்க்கிறது.

அக்டோபர் 14
மூன்று நாளாக வெயில் இல்லை. குப்பனூரிலிருந்து பார்த்தால் சேர்வராயன் மலையே தெரியவில்லை. ஐந்தரைக்கு அம்மா எழுப்பினாள்: "கண்ணு, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. பசியாட்டம் இருக்குது."

நானும் நம்பி இன்னொரு படி தீவனம் போட்டேன். அது பசியில்லை, மூச்சுத் திணறல். தண்ணீரைப் பச்சையாக்கும் பாசி பகல் வெயிலில் பிராணவாயு தரும். ராத்திரி தானும் உறிஞ்சும். மூட்டத்தில் வரவு குறைந்தது, செலவு குறையவில்லை. போதாததற்கு, தின்னாமல் கிடந்த பழைய தீவனம் அடியில் அழுகி மிச்சத்தையும் இழுத்துக்கொண்டது.

ஏழு மணிக்குள் 11 மீன் மல்லாந்துவிட்டது. ஒன்பது கட்லா. சித்தப்பா ஓடிவந்து மோட்டாரைப் போட்டு, குழாயைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துத் தண்ணீரைச் சளசளவென்று கொட்டவைத்தார். எட்டரைக்கு மேல்தான் மீன்கள் அடிக்கு இறங்கின. செத்ததைச் சமைக்கலாமா என்று கேட்கவே வழியில்லை, புரட்டாசி. தென்னைக்கு உரமாய்ப் போனது.

அக்டோபர் 15
தீவனம், பாசி வளரப் போடும் சாணி இரண்டும் நிறுத்தம். கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை நனையும் முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டது. அவ்வளவு பச்சை. முன்னமே பார்த்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 8
முதல் வலை வீச்சு. பெரிய கட்லா முக்கால் கிலோ. விலை பேசுவதற்குள் அம்மா இரண்டை எடுத்து மண்சட்டியில் போட்டுவிட்டாள். மிச்சம் 12 கிலோ, கரையிலேயே கிலோ 180 ரூபாய்க்குத் தெருக்காரர்கள் வாங்கிப் போனார்கள். தராசு இரவல்.

சின்னதையெல்லாம் திரும்ப விட்டிருக்கிறேன். கோடைக்குப் போர்வெல் தாங்குமா, பார்க்கணும்.