வாசகம் முடியாமல் வடிவமைப்பு இல்லை

கொழும்பில் தனியாகத் தொழில் செய்கின்ற ஒரு வரைகலை வடிவமைப்பாளரைத் தேடி வேலை வரும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான்: வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு, பழைய விசிட்டிங் கார்டொன்றின் மங்கலான படம், "நாளைக்குத் தர ஏலுமா தம்பி?" என்றொரு கேள்வி. எத்தனை மொழிகளில் வேண்டும், எந்த அளவில் அச்சாகும், இறுதி முடிவை எடுப்பவர் யார் என்பவையெல்லாம் நாமாகக் கேட்டால்தான் தெரியவரும். வாடிக்கையாளர்களுடனான பிணக்குகளைப் பற்றிப் பேசும்போது நிறத்தையும் இரசனையையும் குறை சொல்வது எங்கள் தொழிலில் வழக்கம். நான் பார்த்த அளவில், அச்சாக வேண்டிய வாசகம் முடிவாகும் முன்னரே வேலை தொடங்கிவிடுவதுதான் அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். ஆகவே எல்லா மொழிகளிலும் வாசகம் எழுத்தில் கைக்கு வரும்வரை நான் வடிவமைப்பைத் தொடங்குவதில்லை.

1987இல் நிறைவேறிய இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரச அலுவலகப் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற வரிசை நிலைத்துவிட்டது. கொழும்பின் தனியார் நிறுவனங்கள் பலவும் அதையே பின்பற்றுகின்றன. ஆனால் வேலை நடக்கும் ஒழுங்கு வேறு. சிங்களமும் ஆங்கிலமும் முதலில் வந்துவிடும். அவற்றை வைத்து மாதிரி அமைத்து, அது நிறுவனத்தில் நாலு பேரின் கையைக் கடந்து அனுமதி பெற்ற பின்னர், அச்சகத்துக்குப் போகும் நாளன்று தமிழ் வரும். வந்த தமிழோ ஒதுக்கிய இடத்தில் அடங்காது. சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீளும் மொழி என்பதால், ஒரே செய்திக்குத் தமிழ் மற்ற இரண்டையும்விட அதிக இடத்தைக் கேட்பது வழக்கம். "தமிழைக் கொஞ்சம் சின்னதாக்கிப் போடுங்கோ" என்ற தீர்ப்பு அங்கேதான் பிறக்கிறது. நான் இதைத் தலைகீழாகச் செய்கிறேன்: மிக நீளமான தமிழ் வரியை முதலில் பலகையில் இருத்தி, அதற்கு வேண்டிய எழுத்தளவை முடிவு செய்துவிட்டால், சிங்களமும் ஆங்கிலமும் நெருக்கடியின்றி அமர்ந்துகொள்ளும்.

எழுத்துருச் சிக்கல் தனிக்கதை. எங்கள் நாட்டு அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாமினி நிறுவப்படாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழ் மறைந்து, ஆங்கில எழுத்துகளும் புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளிகளுமாய் ஒரு குவியல் தெரியும். அதை யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு மாற்றிய பிறகும், தெற்காசிய மொழிகளுக்குரிய அமைப்பை இயக்காத வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால், 'கெ' என்ற எழுத்தின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கக்கூடும். அச்சகத்தில் பிளேட் போடுபவருக்கும், வாடிக்கையாளர் நிறுவனத்தில் கையொப்பமிடும் முகாமையாளருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால், அந்தப் பிழை தடங்கலின்றி வீதிவரை வந்துவிடும். கொழும்பில் வசிப்பவர்களுக்கு இதற்கு உதாரணம் காட்டத் தேவையில்லை. இதனாலேயே, உங்கள் பக்கத்தில் தமிழை வாசித்து ஒப்புதல் தரப்போகிறவர் யார் என்று முதல் உரையாடலிலேயே கேட்டு, அவருடைய பெயரை விலைக்கூற்றிலும் எழுதிவிடுகிறேன். மாதிரியைப் படமாக அனுப்பாமல் பீடிஎஃப் கோப்பாக அனுப்புவதும் ஒரு காரணத்துக்காகத்தான். வட்ஸ்அப் சுருக்கித் தரும் படத்தையே அச்சகத்துக்குக் கொடுத்துப் பத்தடிப் பனர் அடிக்கத் துணிபவர்கள் உண்டு.

திருத்தங்களில் நான் இரண்டு வகை பார்க்கிறேன். அமைப்பு தொடர்பான திருத்தங்களுக்கு இரண்டு சுற்றுகள் கட்டணத்துக்குள்ளேயே அடங்கும். ஒப்புதலளித்த வாசகத்தை மாற்றினால் அதற்குத் தனிக்கட்டணம். லோகோவைப் பெரிதாக்கச் சொல்பவர்களைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. செட்டியார் தெருவில் நகைக்கடை நடத்துபவர், தன் பெயர் எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார். அது நியாயமான அளவுகோல்.

பணத்தைப் பற்றிப் பேசுவதுதான் கடினம். தம்பி, அண்ணா என்று உறவு வைத்துப் பேசத் தொடங்கிய பிறகு முற்பணம் கேட்டால், "காசு எங்க ஓடியா போகப்போகுது?" என்று மனத்தாங்கலோடு கேட்பார்கள். பாதித் தொகையை முன்கூட்டியே பெறுவது என் வழக்கம் என்பதை, வேலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னரே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. அச்சுச் செலவை என் கட்டணத்தோடு சேர்ப்பதுமில்லை. 2022 மார்ச்சில், கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன; டொலரின் விலை 200 ரூபாவை அண்டியிருந்த நிலையிலிருந்து சில வாரங்களில் 300 ரூபாவைத் தாண்டியது. காலையில் அச்சகம் சொன்ன விலை மாலையில் செல்லுபடியாகாத அந்த நாட்களிலிருந்து, வாடிக்கையாளரே அச்சகத்துக்கு நேரடியாகப் பணம் செலுத்தும் ஏற்பாட்டையே கடைப்பிடிக்கிறேன்.

கடைசியாக வருவது ஓபன் ஃபைல், அதாவது திருத்தக்கூடிய மூலக்கோப்பு விவகாரம். முழுத்தொகையும் செலுத்திவிட்டதால் மூலக்கோப்பும் தம்முடையதே என்று பலர் நினைக்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைப்பின் பொருளாதார உரிமைகளை முதலில் அதை ஆக்கியவருக்கே வழங்குகிறது. ஊழியராக இருந்து செய்த வேலையின் உரிமைதான், வேறு உடன்பாடு இல்லாவிடில், தொழில்தருநரைச் சேரும். சட்டம் எனக்குச் சாதகம் என்பதற்காக விட்டுக்கொடுக்க மறுப்பவனல்லன். எழுத்துரு இல்லாத கணினியிலும் சிதையாதபடி எழுத்துகளை உருவரையாக (வெறும் கோட்டு வடிவங்களாக) மாற்றிய அச்சுக்கோப்பு கட்டணத்துக்குள் அடங்கும். மூலக்கோப்புக்கு வேறு விலை என்பதை விலைக்கூற்றிலேயே எழுதிவிடுகிறேன். கோயில் திருவிழா நோட்டீஸ்களுக்கு மட்டும் கேட்டவுடன் இலவசமாகக் கொடுத்துவிடுவதுண்டு. அடுத்த வருடம் திகதியையும் உபயகாரரின் பெயர்களையும் மாற்றுவதற்காக, ஐயர் இரவு பதினொரு மணிக்கு எனக்கு அழைப்பெடுக்கத் தேவையிருக்காது.