ஊரில் யாருக்கெல்லாம் பி.எம். கிசான் பணம் போகிறது? கேட்டு வாங்கிய கதை

அப்பாவின் பி.எம். கிசான் பணம், அதாவது நிலமுள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை, நின்றுபோனதில் ஆரம்பித்தது இது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. நிலம் திருவண்ணாமலைப் பக்கம், நான் இருப்பது அம்பத்தூரில். இ-கேஒய்சி எனும் ஆதார் சரிபார்ப்பை முடிக்காததுதான் காரணம் என்று தெரிந்தது, ஊர் இ-சேவை மையத்தில் கைரேகை வைத்ததும் சரியாகிவிட்டது.

ஆனால் அதற்காக இணையதளத்தை நோண்டும்போது பயனாளிகள் பட்டியல் கண்ணில் பட்டது. மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் போதும், லாகின்கூட வேண்டாம், பெயர்கள் வரிசையாக வந்துவிடும். போனில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். “அவனுக்கு ஏதுடா நிலம்?” என்று பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிட்டார். கூடவே அரசு வேலையில் இருக்கும் ஒருவர் பெயரும் இருந்தது. கடைநிலை ஊழியர் தவிர மற்ற அரசு ஊழியர்களுக்கும், வருமான வரி கட்டுபவர்களுக்கும் இந்தப் பணம் கிடையாது. 2020ல் நம் மாநிலத்தில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 110 கோடி ரூபாய் போய், சிபிசிஐடி விசாரணை வரை வந்தது ஞாபகம் இருக்கும். அதனால் சந்தேகம் வராமல் இருக்காது.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பட்டியலில் பெயரும் ஆணா பெண்ணா என்பதும்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் ஏழுமலை என்று கூப்பிட்டால் தெருவுக்கு ஒருவர் திரும்பிப் பார்ப்பார். எந்த ஏழுமலை, எந்தப் பட்டா, எத்தனை தவணை, எதுவும் தெரியாது. இப்படி அரைகுறையாகத் திறந்து வைப்பது, என்னைக் கேட்டால், டீக்கடை வம்புக்குத்தான் உதவும்.

சரி, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி (ஆர்டிஐ) மனு போடலாம் என்று பாரிமுனையில் 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் வாங்கி ஒட்டி ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். ‘ஏன் கொடுத்தீர்கள்’ என்று கேட்டால் பதில் வராது, இருக்கிற ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். பயனாளி பெயர், தந்தை பெயர், பட்டா எண், பெற்ற தவணைகள், நிறுத்தப்பட்டவர்கள் விவரம், திரும்ப வசூலித்த தொகை என்று கேட்டேன். ஆதார், வங்கிக் கணக்கு, போன் நம்பர் வேண்டாம் என்றும் எழுதினேன்.

வந்த பதில் ஒரே வரி: தனிநபர் தகவல், சட்டப்பிரிவு 8(1)(ஜே)யின்படி தர இயலாது.

முதல் மேல்முறையீட்டில் இரண்டே விஷயம் எழுதினேன். மானியத் திட்டங்களில் ஒதுக்கிய தொகையையும் பயனாளிகள் விவரத்தையும், யாரும் கேட்காமலே துறை வெளியிட வேண்டும் என்று அதே சட்டத்தின் 4(1)(பி)யின் 12ஆவது உட்பிரிவு சொல்கிறது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 8(1)(ஜே)யை இறுக்கிவிட்டாலும், பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்கிற 8(2) அப்படியே இருக்கிறது.

இந்த முறை பக்கங்கள் வந்தன. அப்பா கத்திய ஆளின் பணம் முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. அரசு ஊழியர் என்று நாங்கள் நினைத்தவர், தந்தை பெயரைப் பார்த்தால், கீழத்தெருவில் அதே பெயருள்ள வேறொரு விவசாயி! வசூல் தொகைக்கு மட்டும் ‘நடவடிக்கையில் உள்ளது’ என்று போட்டிருக்கிறார்கள். தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு போக 90 நாள் அவகாசம் உண்டு, மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.