தம்பூரா போட்ட ப்ளூஸ் பாட்டு

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஸ்பீக்கர்ல கேன்டு ஹீட்ங்கற அமெரிக்க பேண்டோட 'ஆன் தி ரோட் அகெய்ன்' போட்டுட்டு துணி மடிச்சிட்டிருந்தேன். ஊர்லேர்ந்து அத்தை வந்திருந்தாங்க, வீணை டீச்சர், காலம் பூரா பசங்களுக்கு சரளி வரிசை சொல்லிக்குடுத்தே காது கூர்மையானவங்க. அவரைக்காய் நார் உரிச்சிட்டே "யாருடா கச்சேரி, சுருதி போய்ட்டே இருக்கு, பாடறவரு இன்னும் வரலையா"ன்னாங்க. நான் சிரிச்சேன், ஆனா அவங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி, 1968ல வந்த அந்த ப்ளூஸ் பாட்டு, அதாவது அமெரிக்க கறுப்பின மக்கள்கிட்டேர்ந்து வந்த பாட்டு வகை, ஆரம்பிக்கறதே தம்பூராலதான், நம்ம தம்பூராவேதான்.

அதை வச்சவரு அந்த பேண்ட்ல இந்தப் பாட்டப் பாடி மவுத் ஆர்கனும் வாசிச்ச ஆலன் வில்சன். சும்மா அந்தக் காலத்து ஹிப்பி ஃபேஷனுக்கு இந்தியா வாசனை தெளிச்சதுன்னுதான் நானும் நெனச்சேன், அப்புறம் கவனிச்சு கேட்டாதான் புரியுது. வழக்கமான ப்ளூஸ்ல பன்னெண்டு பார், அதாவது பன்னெண்டு ஆவர்த்தனம் மாதிரி ஒரு கணக்குல மூணு கார்டு, அதாவது சேந்து ஒலிக்கற ஸ்வரக் கூட்டம், சுத்தி சுத்தி வரும், இந்த பாட்டுல கார்டு மாறவே மாறாது, மூணு கட்டைல உக்காந்தா முடியற வரைக்கும் அங்கயேதான். அடியில ஒரு ஸட்ஜம் ஓடிட்டே இருக்கறதுக்கு இதைவிட தோதான பாட்டு எங்க கிடைக்கும் சொல்லுங்க. மேல வில்சனோட குரல், பூனை மாதிரி மெல்லிசா, பொய்க்குரல்ல, மொதல்ல கேக்கறவங்க பொம்பளைக் குரல்னுதான் சொல்வாங்க.

பேண்ட் பேரு பத்தி சொல்லணும். கல்யாண பஃபேல பாத்திரத்துக்கு அடியில ஒரு சின்ன டப்பால ஜெல் நீலமா எரியும்ல, அதுதான் கேன்டு ஹீட். அமெரிக்காவுல மதுவிலக்கு இருந்தப்போ கைல காசில்லாதவங்க அதை துணில புழிஞ்சு வடிகட்டி குடிச்சாங்க, குடிச்சு செத்தும் போனாங்க. அதைப் பத்தி டாமி ஜான்சன்னு ஒரு மிசிசிப்பி பாடகர் 1928ல பாடின பாட்டுலேர்ந்துதான் பேரு எடுத்தாங்க. நம்ம ஊர் கள்ளச்சாராய நியூஸ் படிச்சு வளந்தவங்களுக்கு இந்தப் பேரோட கசப்பு தனியா விளக்க வேண்டியதில்ல.

1965ல லாஸ் ஏஞ்சலீஸ்ல ஆரம்பிச்சது ரெண்டு பேரு, வில்சனும் பாப் ஹைட்டும். ரெண்டுமே பழைய ரெக்கார்டு பைத்தியம். ஹைட் ஆளு மலை மாதிரி இருப்பாரு, 'கரடி'ன்னுதான் கூப்பிடுவாங்க, வீடு பூரா 78 ஆர்பிஎம் தட்டு. வில்சனுக்கு கண்ணு சரியா தெரியாது, சோடாபுட்டி, அதனால 'குருட்டு ஆந்தை'. பேண்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இந்த ஆந்தை செஞ்ச ஒரு வேலை இருக்கு பாருங்க, எனக்கு அது மத்த எல்லாத்தையும் விட பெருசு. 1930லயும் 1942லயும் பாட்டு பதிவு பண்ணிட்டு அப்புறம் இசையவே விட்டுட்டு காணாம போன சன் ஹவுஸ்ங்கற ப்ளூஸ் மேதைய 1964ல நியூயார்க் மாகாணத்துல ராசெஸ்டர்ல தேடிக் கண்டுபிடிச்சாங்க, மனுஷன் கைல கிடாரே இல்ல, தன்னோட பாட்டையே மறந்துட்டாரு. இருபத்தியோரு வயசுப் பையன் வில்சன் அவரு எதிர்ல உக்காந்து, நீங்க 1930ல இப்படி வாசிச்சீங்க, 1942ல இப்படி மாத்துனீங்கன்னு வாசிச்சுக் காட்டி அவரு பாட்ட அவருக்கே திருப்பிச் சொல்லிக்குடுத்தான். அடுத்த வருஷம் கொலம்பியா ரெக்கார்ட்ஸ்ல அவரோட ஆல்பம் வந்துச்சு.

பிசினஸ்ல மட்டும் படு மோசம். 1967 அக்டோபர்ல டென்வர்ல கஞ்சா கேஸ்ல மொத்த பேண்டும் உள்ள போச்சு, வில்சன் மட்டும் தப்பிச்சாரு, ஏன்னா அந்த நேரம் வெளியில இலை பொறுக்கிட்டிருந்தாராம், கஞ்சா இலை இல்லங்க, நிஜமாவே மரத்து இலை, மனுஷனுக்கு செடி கொடின்னா உயிரு. ஜாமீன் செலவுக்காக பாட்டுங்களோட பப்ளிஷிங் உரிமைய 10,000 டாலருக்கு லிபர்ட்டி ரெக்கார்ட்ஸ் தலைவர்கிட்ட வித்துட்டாங்க. வித்த கைக்கு அடுத்த வருஷமே ரெண்டு பாட்டு உலகம் பூரா ஹிட்டு. ஒண்ணு இந்த தம்பூரா பாட்டு, இன்னொண்ணு 'கோயிங் அப் தி கன்ட்ரி'.

வுட்ஸ்டாக்ங்கற பெரிய இசை விழாவுல 1969 ஆகஸ்ட் 16 சாயங்காலம் வாசிச்சாங்க. அதுக்கு கொஞ்ச நாள் முன்னாடிதான் கிடாரிஸ்ட் ஹென்றி வெஸ்டைன் மேடையிலயே சண்டை போட்டுட்டுப் போயிருந்தாரு, புதுசா வந்த ஹார்வி மேண்டலுக்கு பாட்டே சரியா பழகல, ட்ரம்மர் வேற அன்னிக்கு காலைல நானும் போறேன்னுட்டாரு, மேனேஜர் பேசி இழுத்துட்டு வந்தாரு. வீடியோல ஒரு இடம் இருக்கு, பாத்தா விட மாட்டீங்க. பாட்டு நடுவுல கூட்டத்துலேர்ந்து ஒரு பையன் மேடை ஏறி ஹைட்ட கட்டிப்புடிக்கிறான், அவரும் தோள்ல கைய போட்டுக்கிட்டு பாடிட்டே இருக்காரு, பையன் அவரு பாக்கெட்லேர்ந்தே சிகரெட்ட உருவுறான், செக்யூரிட்டி ஒருத்தன் கிட்ட வரான், இவரு கண்டுக்கவே இல்ல. இன்னிக்கு ஒரு மேடைல இது நடக்குமா?

அடுத்த வருஷம் மே மாசம் ஜான் லீ ஹூக்கர்ங்கற பெரிய ப்ளூஸ் பாடகரோட சேந்து ஒரு டபுள் ஆல்பம் பதிவு பண்ணாங்க. ஹூக்கர் கணக்கு வழக்கே பாக்காத ஆளு, அவருக்கு தோணும்போது கார்டு மாத்துவாரு, பக்கவாத்தியக்காரங்க பாடு திண்டாட்டம். வில்சன் மட்டும் நெழல் மாதிரி ஒட்டிட்டே போறாரு, ஹூக்கருக்கே ஆச்சரியம். அந்த ஆல்பம் அட்டைல வில்சன் செவுத்துல மாட்டின போட்டோவாதான் இருப்பாரு. ஏன்னா 1970 செப்டம்பர் 3 அன்னிக்கு ஹைட் வீட்டுக்குப் பின்னாடி மலைச்சரிவுல இறந்து கிடந்தாரு, தூக்க மாத்திரை, வயசு 27. ரெண்டு வாரம் கழிச்சு ராக் கிடாரிஸ்ட் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் போனாரு, அப்புறம் பாடகி ஜானிஸ் ஜாப்ளின், ரெண்டு பேருக்கும் அதே வயசு, 27 வயசுல செத்த இசைக்காரங்க லிஸ்ட் போடறவங்க அவங்களையெல்லாம் எழுதறாங்க, மொதல்ல போன இவர பாதி பேரு விட்டுடறாங்க, அதுல எனக்கு ஒரு கோவம் உண்டு.

ஹைட் 1981ல, ஹெராயின், 38 வயசு. வெஸ்டைன் 1997ல டூர்ல, பாரிஸ்ல. பாஸ் வாசிச்ச லாரி டெய்லர் 2019. வரிசையா போய்ட்டாங்க. ஆனா பேண்ட் நிக்கல. 1967 டிசம்பர்ல சேந்த மெக்சிகோக்காரர் ஃபிட்டோ டி லா பாரா, வுட்ஸ்டாக் அன்னிக்கு நான் போறேன்னு சொன்ன அதே ட்ரம்மர், 2024ல வந்த ஆல்பத்துலயும் அவருதான் ட்ரம்ஸ். போறேன்னு சொன்னவரு மட்டும் போகவே இல்ல! ஒரிஜினல் ஆளு ஒருத்தருமில்லாம இது என்ன பேண்டுன்னு கேக்கறவங்க இருக்காங்க. செத்தவங்க, தொலைஞ்சவங்க பாட்ட தட்டுலேர்ந்து கத்துக்கிட்டு ஆரம்பிச்ச பேண்டுங்க இது, இதுகிட்ட போய் ஒரிஜினல் கேட்டா எப்படி.

சரி, அத்தை விஷயத்துக்கு வரேன். அன்னிக்கு நான் ஒரு வயித்தெரிச்சல சொன்னேன். என்கிட்ட ஒரு மவுத் ஆர்கன் இருக்கு, வில்சன் வாசிச்ச அதே 'ஏ' ஸ்கேல், எத்தனை தடவை ட்ரை பண்ணாலும் இந்தப் பாட்டுல ஒரு எடத்துல மட்டும் இடிக்கும், மூச்ச எப்படி இழுத்தாலும் அந்த சத்தம் வராது. வாசிச்சுக் காட்டினேன். அத்தை ரெண்டு தடவை கேட்டுட்டு "நீ சதுஸ்ருதி ரிஷபம் வாசிக்கிற, அவன் சாதாரண காந்தாரம் வாசிக்கிறான், உன் டப்பால அந்த ஸ்வரமே இல்லடா"ன்னுட்டு அவரைக்காய்க்குத் திரும்பிட்டாங்க. அப்புறம் தேடிப் படிச்சா அதேதான், ஆறாவது ஓட்டைல மூச்ச உள்ள இழுத்தா அதிர்ற சின்ன உலோக நாக்க வில்சன் அரை ஸ்வரம் ஏத்தி வச்சிருக்காரு. நாக்கு நுனில கொஞ்சம் சுரண்டினா சுருதி ஏறும்னு இருந்துச்சு. ஸ்க்ரூவக் கழட்டி, ப்ளேடால நானும் சுரண்டினேன், காந்தாரம் வரைக்கும் போகல, பாதி வழியில 'டிங்'குன்னு ஒடஞ்சுது. இப்ப என் மவுத் ஆர்கன்ல ஆறாவது ஓட்டைல இழுத்தா வெறும் காத்துதான்.