வண்டு இல்லை, மூட்டைப்பூச்சிக்குச் சொந்தம்

இலையில் ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று ஒரு பூச்சி இருந்தது. பொன்வண்டு வகையில் ஏதோ ஒன்று என்றுதான் நானும் நினைத்தேன். குனிந்து பார்த்தால் முதுகில் நடுக்கோடே இல்லை. வண்டுக்கு முன்சிறகுகள் இரண்டும் கெட்டியாகி நடுவில் சேரும், அந்தக் கோடு தெரியும். இதற்கு ஒரே ஓடு, கழுத்துக்குக் கீழே ஆரம்பித்து வால் வரைக்கும் கவிழ்த்துப் போட்ட கிண்ணம் மாதிரி. இது நாவாய்ப் பூச்சி, அதாவது மூட்டைப்பூச்சி இருக்கிற கூட்டம். நாவாய்ப் பூச்சிகளுக்கெல்லாம் முதுகில் சின்ன முக்கோணத் தகடு ஒன்று உண்டே, அதுதான் இந்தப் பூச்சியின் குடும்பத்தில் (Scutelleridae) இப்படி வளர்ந்து சிறகையும் வயிற்றையும் சேர்த்து மூடிவிடுகிறது. பறக்க வேண்டும் என்றால் அந்தத் தகட்டுக்கு அடியிலிருந்துதான் சிறகை வெளியே எடுக்க வேண்டும்.

வாயும் வண்டு வாய் இல்லை. கடிக்கத் தெரியாது, ஊசி போன்ற குழாயைக் குத்தி உறிஞ்சத்தான் தெரியும். அந்த வகையில் மூட்டைப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம் (அழகு மட்டும் எப்படி இதன் பக்கம் போனதோ!).

நான் பார்த்தது காந்தாவோ என்ற பேரினம். அதில் ஓசெல்லாட்டஸ் என்ற இனத்துக்கு 1784-லேயே ஸ்வீடன் இயற்கை ஆய்வாளர் துன்பெர்க் பெயர் வைத்துவிட்டார், பேரினப் பெயர் 1843-ல்தான் வந்தது. இந்தியாவிலிருந்து ஜப்பான் வரை இருக்கிறது, ஆனாலும் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. ஏறக்குறைய 2 செ.மீ. நீளம், முதுகில் வெளிர் வளையம் போட்ட கரும்புள்ளிகள். அந்தப் புள்ளிகளை எண்ணி இனம் கண்டுபிடிக்கலாம் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள், பூச்சிக்குப் பூச்சி மாறும், சிலவற்றில் புள்ளியே மங்கிப்போயிருக்கும்.

சரி, நிறத்தை விடுங்கள். எனக்கு இதில் பிடித்தது தாய்தான். ஆமணக்குக் குடும்பத்து மரங்களில், முக்கியமாக மல்லோட்டஸ், மக்கரங்கா மரங்களில், இலையின் அடிப்பக்கம் முட்டைகளை நெருக்கி ஒட்டிவைத்துவிட்டு, கோழி அடைகாக்கிற மாதிரி மேலேயே உட்கார்ந்துகொள்கிறது. சூடு கொடுக்க இல்லை, காவலுக்கு. எறும்பு வரும், முட்டைக்குள் தன் முட்டையை வைக்கிற பொடிக் குளவி வரும். பொரித்த பிறகும் குஞ்சுகள் கொஞ்ச நாள் தாயின் வயிற்றுக்கு அடியிலேயே ஒண்டிக்கிடக்கின்றன. பூச்சிகளில் பெரும்பாலானவை முட்டையிட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும்.

நான் பார்த்ததும் தாய்தான். இலையை லேசாகத் திருப்பினேன், அடியில் வெளிறிய முட்டைகள். அது பறக்கவில்லை, இடத்தையும் விடவில்லை. அப்புறம் மெதுவாக இலையை விட்டுவிட்டேன்.