ட்ரம்மும் பேஸும் சேர்ந்து நடக்க ஒரு மாதம்

முதல் நாலு பார் (ஒரு பார் என்பது நாலு பீட், அதாவது நாலு தாள அடி) கேட்டால் ஒரு குறையும் தெரியாது. 16-வது பாரில் ஏதோ இடறுவது போலிருக்கும். 64-வது பாருக்கு வரும்போது ட்ரம் ஒரு பீட் முன்னால் போய் நின்றுகொண்டு, பின்னால் வரும் பேஸைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே பொத்தானில் ஒரே நொடியில்தான் தொடங்கியிருந்தேன். அப்புறம் ஏன் இப்படி?

லினக்ஸ் கணினியில் இசை நிரல்களை வைத்து நான் கூட்டியிருந்த கச்சேரி இது: ட்ரம்முக்கு ஹைட்ரஜன், பேஸ் வரிகளைச் சுற்றிச் சுற்றி வாசிக்க செக்66 என்ற சீக்வென்சர், அந்த வரிகளுக்குக் குரல் கொடுக்க யோஷிமி என்ற சிந்த், எல்லாவற்றையும் பதிய ஆர்டர். நடுவில் ஆடியோவையும் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுக்க ஜாக். எல்லாவற்றையும் ஆர்டருக்குள்ளேயே செய்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம். ஆனால் செக்66-ல் ஒவ்வொரு லூப்பையும் விசைப்பலகையில் தட்டித் தட்டி ஏற்றி இறக்கும் சுகம் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. அந்தச் சுகத்துக்கு விலை ஒரு மாதம்.

ஜாக் ட்ரான்ஸ்போர்ட்டை ஹைட்ரஜன், செக்66 இரண்டிலும் இயக்கிவிட்டேன், இனி எல்லாம் ஒத்துப்போகும் என்றுதான் நினைத்தேன். ட்ரான்ஸ்போர்ட் என்பது 'ஓடு, நில், இந்த இடத்துக்குப் போ' என்ற மூன்று கட்டளைகள்தான் என்று பிறகுதான் உறைத்தது. எந்த வேகத்தில் ஓடுவது என்பதை அதுவாகச் சொல்வதில்லை. அதைச் சொல்ல டைம்பேஸ் மாஸ்டர் என்று ஒருவர் வேண்டும். அவர்தான் இது எத்தனையாவது பார், எத்தனையாவது பீட், டெம்போ (நிமிடத்துக்கு எத்தனை பீட்) எவ்வளவு என்று மற்றவர்களுக்கு அறிவிப்பவர். அவர் இல்லாவிட்டால் ஆளாளுக்கு அவரவர் காலப்பிரமாணம்.

என் விஷயத்தில் ஹைட்ரஜனின் டெம்போவை விரலால் தட்டித்தான் கண்டுபிடித்திருந்தேன். அது 98.4 என்று காட்டியது. செக்66-ல் 98 என்று நானே அடித்துவிட்டேன், புள்ளிக்குப் பின்னால் இருப்பது என்ன செய்துவிடப் போகிறது என்ற அலட்சியம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 64 பார் என்றால் 256 பீட். 98-ல் அதற்கு 156.73 நொடி, 98.4-ல் 156.10 நொடி. வித்தியாசம் 0.63 நொடி. அந்த வேகத்தில் ஒரு பீட்டே 0.61 நொடிதான்!

சரி, மாஸ்டர்தானே வேண்டும் என்று ஹைட்ரஜனில் மாஸ்டர் பொத்தானை அழுத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். செக்66-லும் மாஸ்டர் என்று ஒன்றைப் பார்த்து, அதையும் அழுத்தினேன். இருந்துவிட்டுப் போகட்டுமே! ஒரே உறையில் இரண்டு கத்தி. ஜாக்கில் நிபந்தனையின்றி மாஸ்டர் பதவி கேட்பவருக்கு அது உடனே கிடைக்கும், ஏற்கெனவே இருந்தவர் இறங்கிவிடுவார். ஆகவே எதைக் கடைசியில் திறந்தேனோ அதன் டெம்போ. ஒரு நாள் பாட்டு 98-ல் ஓடும், மறுநாள் 98.4-ல் ஓடும், எனக்கோ தலை சுற்றும்.

இதைப் பிடித்துக் கொடுத்தது ஜாக்_ஷோடைம் என்ற சின்னக் கருவி. டெர்மினலில் அதை ஓடவிட்டால் எத்தனையாவது ஃபிரேம் (ஒலியின் மிகச் சிறிய துணுக்கு, சாம்பிள் என்பதும் இதுதான்), ஓடுகிறதா நிற்கிறதா, பார்-பீட்-டிக் எவ்வளவு என்று விடாமல் எழுதிக்கொண்டே போகும். ஹைட்ரஜனை மூடினேன், பார்-பீட் பகுதி மறையவில்லை. அப்படியானால் வேறொருவர் மாஸ்டர். செக்66-ஐயும் மூடினேன், அப்போதும் மறையவில்லை. மூன்றாவது ஆள் ஆர்டர்! அதன் அமைப்பில் மாஸ்டர் என்ற குறி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது, நான் போட்டதில்லை. அதை எடுத்தேன், செக்66-ஐ வெறும் ட்ரான்ஸ்போர்ட்டில் விட்டேன், ஹைட்ரஜனை மட்டும் மாஸ்டராக வைத்தேன். தாளம் வாசிப்பவரே காலப்பிரமாணத்தையும் பிடிக்கட்டும் என்பதைத் தவிர இதில் பெரிய தத்துவம் இல்லை. 64-வது பாரில் இருவரும் ஒன்றாக வந்து நின்றார்கள்.

ஒன்றாக என்றால், கிட்டத்தட்ட. பேஸ் இப்போது ஓடிப்போகவில்லை, ஆனால் எப்போதும் கொஞ்சம் சோம்பலாக விழுந்தது. காதை நம்பிச் சண்டை போட்டால் விடியாது என்று, ட்ரம்மின் கிக் அடியையும் பேஸையும் ஆர்டரில் இரண்டு தடங்களில் பதிந்து, அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பீட்டில் பேஸ் 300 சாம்பிள் தள்ளி ஆரம்பிக்கிறது. அடுத்ததில் 900. அதற்கடுத்ததில் 500. ஒரே அளவாகத் தள்ளியிருந்தால் தடத்தை அப்படியே இழுத்து வைத்துவிடலாம். இது ஆடுகிறது.

என் ஜாக்கின் பீரியட் அப்போது 1024 ஃபிரேம், வேகம் நொடிக்கு 48,000. அதாவது ஜாக் ஒலியை 21.3 மில்லிநொடித் துண்டுகளாகச் செய்து அனுப்புகிறது. செக்66-லிருந்து யோஷிமிக்கு மிடி (எந்த நோட்டை எப்போது வாசிப்பது என்ற செய்தி) போனது ஆல்சா (லினக்ஸின் சொந்த ஒலி அமைப்பு) வழியாக. ஆல்சாவில் வரும் நோட்டுக்கு ஜாக்கின் துண்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாது. துண்டு தயாராகிக்கொண்டிருக்கும் நேரத்தில் கதவைத் தட்டும் நோட்டு அடுத்த துண்டு வரை வெளியே நிற்க வேண்டியதுதான். சிலது தொடக்கத்தில் வந்து மாட்டும், சிலது கடைசியில் வந்து தப்பிக்கும். ஆட்டத்துக்குக் காரணம் இதுதான்.

ஜாக் மிடி அப்படியில்லை. அதில் ஒவ்வொரு நோட்டும் 'இந்தத் துண்டில் இத்தனையாவது ஃபிரேம்' என்ற முகவரியோடு வருகிறது. செக்66, யோஷிமி இரண்டையும் ஜாக் மிடிக்கு மாற்றி, யோஷிமியின் உள் பஃபரை (அது தனக்குள் ஒலி செய்யும் துண்டை) 64 ஃபிரேம் ஆக்கி, மறுபடி பதிந்தேன். ஆட்டம் 100 சாம்பிளுக்குள் அடங்கியது. ஆனால் பேஸ் இன்னும் சோம்பல்தான். அரை நாள் ஜாக்கைத் திட்டிய பிறகுதான் கவனித்தேன்: நான் எடுத்திருந்த பேஸ் ஒலியே மெதுவாக எழும்பும் ஒலி. அட்டாக்கை (ஒலி எழும்ப எடுக்கும் நேரத்தை) குறைத்ததும் சோம்பல் போய்விட்டது. இதை வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்றிலிருந்து அளக்கும்போது சுள்ளென்று விழும் ஒலியைத்தான் வைத்துக்கொள்கிறேன்.

பீரியடை 256-க்குக் குறைத்தால் துண்டு 5.3 மில்லிநொடியாகும், கையில் வாசிக்கவும் சுகமாக இருக்கும். குறைத்தேன். எக்ஸ்ரன் (துண்டு நேரத்துக்குத் தயாராகாமல் ஒலி அறுபடுவது) மழையாகக் கொட்டியது. ஜாக்கின் இழைக்கு ரியல்டைம் முன்னுரிமை கிடைக்கவில்லை என்று ஊகித்து, யாருக்கு எவ்வளவு என்று வரம்பு எழுதும் லிமிட்ஸ் கோப்பில் ஆடியோ குழுவுக்கு ஆர்டிபிரையோ (ரியல்டைம் முன்னுரிமையின் உச்சம்) 95, மெம்லாக் (நினைவகத்தைப் பிடித்துவைக்கும் வரம்பு) அன்லிமிடெட் என்று எழுதி, என்னையும் அந்தக் குழுவில் சேர்த்தேன். மாற்றமே இல்லை. ஒரு மாலை முழுக்க கெர்னல் வரை தோண்டினேன். கடைசியில், எனக்குக் கிடைத்திருக்கும் முன்னுரிமை வரம்பு என்ன என்று கேட்டால் யூலிமிட் கட்டளை காட்டியது பூஜ்யம். லாக்-அவுட் செய்து திரும்ப வரவே இல்லையே நான்! வந்ததும் 95 என்று காட்டியது, எக்ஸ்ரனும் நின்றது.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் மேசையில் பழைய ட்ரம் பெட்டி ஒன்று சும்மா கிடந்தது. அதற்கு ஜாக் தெரியாது, மிடி கிளாக் மட்டும்தான் தெரியும். ஜாக்_மிடி_கிளாக் என்ற கருவி ட்ரான்ஸ்போர்ட்டைப் பார்த்துக் கிளாக்காக மாற்றிக் கொடுக்கும். மிடி கிளாக்கில் டெம்போ என்ற எண்ணே கிடையாது. பீட்டுக்கு 24 முறை 'டிக்' என்று தட்டும், அவ்வளவுதான். தட்டுகளுக்கு இடையிலான நேரத்தைப் பார்த்து டெம்போவைப் பெட்டியே ஊகித்துக்கொள்ள வேண்டும். 98-ல் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் 25.5 மில்லிநொடி. நான் பழைய 1024 அமைப்பில் மறதியாகத் திறந்த ஒரு நாள், பெட்டியின் திரையில் 97, 99, 98, 96 என்று எண்கள் துடித்தன. 25 மில்லிநொடிக்கு ஒரு தட்டு வேண்டிய இடத்தில் 21 மில்லிநொடித் துண்டு குறுக்கே நின்றால் பெட்டி பாவம் என்னதான் ஊகிக்கும்? 256-ல் திறந்ததும் 98-ல் நின்றது. (ஹைட்ரஜனையும் அதற்குள் 98 என்று முழுசாக்கிவிட்டேன், அந்த 0.4-ஐ யாரும் தேடவில்லை.)

பெட்டியிடம் ஒரு பிடிவாதம் பாக்கி. பாட்டின் நடுவிலிருந்து ஓடவிட்டால், அது முதல் பாரிலிருந்துதான் ஆரம்பிக்கும். எந்த இடத்திலிருந்து என்று சொல்லும் சாங் பொசிஷன் செய்தி மிடியில் இருக்கிறது, என் பெட்டி அதை மதிப்பதில்லை. ஆகவே பெட்டி சேரும் நாட்களில் எப்போதும் தொடக்கத்துக்குப் போய்த்தான் ஓடவிடுகிறேன்.

ஆர்டர் திறந்திருந்தால், ஓடவிடும் பொத்தானை அழுத்திய பிறகு சில சமயம் ஒரு மௌனம் வரும். பழைய பழக்கத்தில் உடனே இன்னொரு முறை அழுத்தி எல்லாவற்றையும் நிறுத்தித் தொலைப்பேன். தயாராக நேரம் கேட்கும் நிரல்களுக்காக ஜாக் காத்திருக்கும் நேரம் அது, இயல்பாக அதிகபட்சம் 2 நொடி. இப்போதெல்லாம் ஒரு முறை அழுத்திவிட்டு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுகிறேன்.