ஆச்சி
நேத்து ராத்திரி தூக்கம் வராம மறுபடியும் தில்லானா மோகனாம்பாள் போட்டு உக்காந்துட்டேன், 1968 படம், எத்தனாவது தடவைன்னே தெரியல. சிவாஜி, பத்மினி முன்னாடி ஜில்ஜில் ரமாமணியா ஆச்சி மனோரமா வந்து நிக்கிறாங்க பாருங்க, அந்த இழுத்து இழுத்துப் பேசுறது, பேச்சுக்குப் பேச்சு ஒரு நெளிவு... அதுவும் நாடகக்காரி வேஷம்! சின்ன வயசுல பள்ளத்தூர் பாப்பாவா மேடை ஏறினவங்களுக்கு அது வேஷமே இல்லன்னுதான் எனக்குத் தோணும். 1958ல மாலையிட்ட மங்கையில அறிமுகம், அப்புறம் ஆயிரம் படத்துக்கு மேல. மைக் சரியா இல்லாத காலத்து நாடகத்துல கடைசி வரிசைக்கும் கேக்கணும்னு பழகின குரல்ங்க அது, அதே குரல க்ளோசப்ல எவ்ளோ பக்குவமா அடக்கிப் பேசுறாங்க. வெறும் காமெடி நடிகைன்னு சொன்னா எனக்குக் கோவம் வரும். புதிய பாதை படத்துக்கு தேசிய விருது வாங்கினவங்க அவங்க. 2015ல போயிட்டாங்க, இன்னும் மனசு ஆறல.