துண்டா அஸ்ராஜ் மெட்டில் ஆசா தி வார்: பாடிப் பழகும் அனுபவம்

சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாஹிபில் வார் என்ற வகைப் பாடல்கள் 22 இருக்கின்றன. வார் என்பது பஞ்சாபில் வீரர்களின் கதையைச் சொல்லும் கதைப்பாட்டு. சண்டை, துரோகம், பங்காளிப் பகை, மானம் என்று போகும் அந்த வடிவத்தை எடுத்துத்தான் குருமார்கள் இறைவனைப் பாடினார்கள். அந்த 22இல் ஒன்பதுக்குத் தலைப்பிலேயே ஒரு குறிப்பு உண்டு: இன்ன கதைப்பாட்டின் மெட்டில் பாடுக. மாஜ் ராக வாருக்கு மலிக் முரீத், சந்திரஹடா சோஹியா கதையின் மெட்டு. கூஜரிக்கு சிக்கந்தர் பிராஹிம். கானடாவுக்கு மூசா. ஆசா ராகத்தில் குரு நானக் பாடிய ‘ஆசா தி வார்’ பாடலுக்கு, துண்டா, அதாவது கையிழந்த, அஸ்ராஜ் அரசனின் கதைப்பாட்டு மெட்டு.

இந்த ஆசா தி வாரைத்தான் நான் இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன். வேலைக்காக லூதியானா வந்தபின் தொடங்கிய ஆசை. சின்ன வயதில் வர்ணம் வரைக்கும் கற்ற கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கையில் இருந்தது. வீட்டில் ஒரு பழைய ஹார்மோனியம். பக்கத்து குருத்வாராவில் விடிவதற்கு முன்பே ஆசா தி வார் தொடங்கிவிடும். அங்கே பாடும் மூத்த ராகி ஒருவர் சொல்லித் தர ஒத்துக்கொண்டார். அவரை எல்லோரையும் போல நானும் பாய் சாஹிப் என்றே கூப்பிடுகிறேன்.

முதலில் அமைப்பு. ஆசா தி வாரில் 24 பௌரிகள். பௌரி என்பது கதைப்பாட்டின் ஒரு படி, ஒரு கண்ணி. ஒவ்வொரு பௌரிக்கும் முன்னால் சலோக்குகள் என்ற சிறு செய்யுள்கள் வரும். அவை குரு நானக்கும் குரு அங்கதும் எழுதியவை. பாடும்போது இவற்றுக்கும் முன்னால் குரு ராம்தாசின் சந்த் என்ற வகைப் பாட்டு ஒன்று சேரும். அதாவது சந்த், சலோக், பௌரி, மறுபடி சந்த் என்று சுற்றிச் சுற்றி வருகிறது. சந்த் தாளத்தோடு இழைந்து போகும். சலோக்குக்குத் தாளம் கிடையாது, விருத்தம் போல விட்டுப் பாடுவது. பௌரி வந்ததும் தபலா திடீரென்று வாய் திறக்கும். அந்த இடத்துக்காகத்தான் நான் இதைக் கற்க வந்தேன் என்றே சொல்லலாம்.

ராகம் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. ஆசா ஏறும்போது ஸ ரி ம ப த ஸ, இறங்கும்போது ஸ நி த ப ம க ரி ஸ. நம் ஆரபியின் படிகளும் இவையே. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பாடிப் பார்த்தால் நடை வேறு என்று உடனே தெரிகிறது. ஆரபி நிமிர்ந்து, வேகமாக, சுரங்களை அடுக்கிக்கொண்டு போகும். ஆசா நிதானமாக மத்திமத்தில் உட்கார்கிறது. ஷட்ஜத்துக்குத் திரும்பும்போது ‘ரி க ஸ’ என்று லேசாக ஒடிந்து இறங்குகிறது. அந்த ஒடிப்புக்காகச் சில வாரங்கள் தனியாகச் சாதகம் செய்தேன். காந்தாரத்தை அசைக்காமல், தொட்ட மாத்திரத்தில் விட வேண்டும். பஞ்சாபின் மண்ணிலிருந்தே வந்த ராகம் என்று இதைச் சொல்வார்கள். விடியலிலும் பாடுகிறார்கள், அந்தி நேரத்திலும் பாடுகிறார்கள்.

பௌரியின் மெட்டு அப்படி வசப்படவில்லை. சுரமாக எழுதினால் ஒரு வரியில் அடங்கிவிடும் மெட்டு அது. மேலே ஒரு ஏற்றம், நடுவில் ஒரு மூச்சு, கீழே ஒரு இறக்கம். 24 பௌரிகளும் ஏறக்குறைய அதே வளைவில்தான் போகின்றன. அந்தச் சுரங்களை அப்படியே பாடினால் பஜனை போல இனிமையாக வந்தது. குருத்வாராவில் கேட்கும் அந்த வேகம், அந்த அழுத்தம் வரவே இல்லை. வரிக்கு வரி சங்கதி மாற்றிப் பார்த்தேன், மேல் ஷட்ஜத்தில் நிறுத்திப் பார்த்தேன். பாய் சாஹிப் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: “பேட்டா, நீ ராகம் பாடுகிறாய். இது சேதி. சேதியைச் சொல்லு.”

அப்புறம் மெட்டை விட்டுவிட்டு வரியைக் கவனித்தேன். முதல் பௌரி, “ஆபீனை ஆப் சாஜியோ, ஆபீனை ரசியோ நாவ்” என்று தொடங்குகிறது. அவன் தன்னைத் தானே படைத்தான், தன் நாமத்தையும் தானே படைத்தான். ஒவ்வொரு வரியும் நடுவில் இரண்டாக உடைகிறது. இப்படி நான்கு வரிகள். கடைசியில் ஒரு அரை வரி தனியாக வருகிறது. முதல் பௌரியில் அது இரண்டாம் வரியின் பின்பாதியே: படைப்புக்குள் அமர்ந்து அதை ஆசையோடு பார்த்தான் என்ற பாதி, கடைசியில் திரும்ப வந்து முத்தாய்ப்பு வைக்கிறது. இரண்டாம் பௌரியிலும் இதே முறைதான்.

மூன்றாம் பௌரியில் அந்த அரை வரி புதிதாக வருகிறது. இங்கேதான் எனக்கு இந்த வாரின் மீது பெரிய மரியாதை வந்தது. உலகத்தில் பெரியவனாக வாழ்ந்த ஒருவன் போகங்களையெல்லாம் அனுபவித்துவிட்டுச் சாம்பலாகிறான், கழுத்தில் சங்கிலி பூட்டி இழுத்துச் செல்லப்படுகிறான், அங்கே அவன் செய்த செயல்களின் கணக்கு வாசிக்கப்படுகிறது. கடைசி அரை வரி: குருட்டு மனம் பிறவியை வீணாக்கியது. இதைப் போர்க்கதையின் மெட்டில் பாடுவதற்கு என்ன பொருள் என்று பாடும்போதுதான் உறைக்கிறது. கேட்டவர்களின் காதில் அந்த மெட்டோடு ஒரு வீரனின் வெற்றி ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே ஏற்றத்தில், அதே அடியில், பெரிய மனிதன் ஒருவன் சங்கிலியோடு போவதைச் சொன்னால் யாருக்குத்தான் நெஞ்சு அதிராது?

அஸ்ராஜ் கதையையும் தேடிப் படித்தேன். பல விதமாகச் சொல்கிறார்கள். பொதுவான சரடு இது: அரசகுமாரன் அஸ்ராஜ், மாற்றாந்தாய் வழிச் சகோதரர்கள் சார்தூல், சுல்தான். சூழ்ச்சியில் அஸ்ராஜின் கையை வெட்டிக் கிணற்றில் தள்ளிவிடுகிறார்கள். வழியில் போன வணிகர்கள் தூக்கி எடுக்கிறார்கள். வேறொரு நாட்டில் அவனுக்கு அரியணை கிடைக்கிறது. பிறந்த நாட்டில் பஞ்சம் வரும்போது தானியம் கொடுத்து உதவுகிறான். பின்னால் சகோதரர்களோடு போர், வெற்றி. மூலக் கதைப்பாட்டில் இப்போது மிச்சம் இருப்பது துண்டு துக்காணியாகச் சில வரிகள்தான். சார்தூல் ராயன் சிங்கமாய் உறும, போர்முரசு முழங்குகிறது என்று ஒரு வரி. அந்த வரியையும் ஆசா தி வாரின் மெட்டிலேயே பாடிப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அன்று முதல் சாதகத்தைத் தொடங்குவதே அந்த வரியில்தான். தொண்டை அந்த அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டால், அதே மூச்சில் பௌரிக்குள் போய்விடலாம்.

இதற்கெல்லாம் மேலே, டாடிகள் என்ற வீரக் கதைப் பாடகர்களைக் கேட்டதுதான் எனக்குப் பெரிய பாடம். அமிர்தசரஸில், ஹர்மந்திர் சாஹிப் என்ற பொற்கோயிலுக்கு எதிரே, சீக்கியர்களின் தலைமைப் பீடமான அகால் தக்த் பக்கம் அவர்கள் நின்றுகொண்டு பாடுகிறார்கள். இருவர் கையில் டட், ஒருவர் சாரங்கி, இன்னொருவர் நடுநடுவே வரலாற்றை உரையாகச் சொல்வார். டட் என்பது நம் உடுக்கைதான் என்று சொல்லிவிடலாம். இடுப்பு ஒடுங்கிய சின்னத் தோல் கருவி, ஒரு கையால் பிடித்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டே மறு கை விரல்களால் அடிப்பது. கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையை உடுக்கையோடு கேட்டவர்களுக்கு இந்தக் கூட்டணி உடனே புரிந்துவிடும். ஆறாம் குருவான குரு ஹர்கோவிந்த் இந்தப் பாடகர்களை ஆதரித்து அகால் தக்த்தில் வீரக் கதைகளைப் பாட வைத்தார். அப்துல்லா, நத்தா என்ற இருவர் பெயர் இன்றும் சொல்லப்படுகிறது. ஒன்பது வார்களுக்கும் மெட்டுக் குறிப்பைச் சேர்த்தவர் அவரே என்பது சீக்கிய மரபு.

அதை நம்ப எனக்கு ஒரு காரணமும் உண்டு. மாஜ் வாரின் மெட்டுக்குரிய மலிக் முரீத், சந்திரஹடா இருவரும் அக்பரின் படைத்தலைவர்கள் என்று கதை. முரீத் காபூலுக்குப் போன இடத்தில் கலகம் செய்துவிட்டான் என்று சந்திரஹடா கோள் சொல்ல, அவனையே அனுப்புகிறார் அக்பர், இருவரும் மோதி மடிகிறார்கள். ஆனால் மாஜ் வாரைப் பாடிய குரு நானக் மறைந்தது 1539இல். அக்பர் அரியணை ஏறியது 1556இல். கதை சரி என்றால் மெட்டுக் குறிப்பு பிற்பாடுதான் ஏறியிருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. அதே மாஜ் வாரில் குரு நானக் தன்னையே டாடி என்று சொல்லிக்கொள்கிறார்: வேலையற்றுக் கிடந்த டாடியான என்னை இறைவன் தன் வேலையில் அமர்த்திக்கொண்டான் என்று. குறிப்பை யார் எழுதினாலும், இந்தப் பாடலைக் கதைப்பாடகனின் குரலில் பாட வேண்டும் என்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

டாடிகளிடம் நான் கவனித்தது இது. வரியின் முதல் பாதியை ஓங்கி எறிகிறார்கள். நடுவில் மூச்சுக்கு இடம். பின்பாதியில் சொற்களை நெருக்கி, கடைசி அசையை மட்டும் நீட்டுகிறார்கள். கமகம், அலங்காரம் எதுவும் இல்லை. சொல் தெளிவாகக் காதில் விழுவதுதான் முதல் வேலை. வீட்டுக்கு வந்து ஹார்மோனியத்தை மூடி வைத்துவிட்டு, தம்பூரா செயலியை மட்டும் போட்டுக்கொண்டு அப்படியே பாடினேன். முதல் பாதியில் ஏற்றம், பின்பாதியில் நெருக்கம், கடைசி அரை வரிக்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம். மெட்டு அன்றுதான் எழுந்து நின்றது.

ஹார்மோனியத்தை நான் வெறுக்கவில்லை. ஆனால் இந்த மெட்டில் அது குரலை ஒரே கோட்டில் இழுத்து மழுக்கிவிடுகிறது. நிறுத்தங்களையெல்லாம் காற்றால் நிரப்பிவிடுகிறது. 2022இல் அகால் தக்த், ஹர்மந்திர் சாஹிபில் மூன்று ஆண்டுகளுக்குள் ஹார்மோனியத்துக்குப் பதிலாகத் தந்தி வாத்தியங்களைக் கொண்டுவரச் சொன்னது. அதைப் பற்றி இங்கே பலமான விவாதம் உண்டு. வாரைப் பொறுத்தவரை நான் தந்தியின் பக்கம்தான். சாரங்கியோ திலரூபாவோ வரி முடிந்ததும் அதன் வாலைப் பிடித்துப் பேசும், பாடகனுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கும்.

தாளத்துக்கு வருகிறேன். கைப்பேசிச் செயலியில் கஹர்வா தாளம் போட்டுப் பாடினால் பௌரி குலுங்கிக் குலுங்கி நடக்கிறது. துக்கமான மூன்றாம் பௌரிக்குக்கூட ஒரு கொண்டாட்டம் வந்துவிடுகிறது. பௌரிக்கென்றே ஒரு நான்கு மாத்திரை அடி இருக்கிறது, உள்ளங்கை விரித்து அடிப்பது. குருத்வாராவில் தபலா கற்கும் கல்லூரி மாணவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எனக்காக வாசிக்கிறார். பஞ்சாபின் பழைய ஜோடி என்ற கருவியில் இடப்பக்கத்துக்கு நனைத்த கோதுமை மாவு பூசுவார்கள், நம் மிருதங்கத்தின் தொப்பியில் ரவை பூசுவதைப் போலத்தான். அதில் அடித்தால் முழக்கம் தரையில் உருளும். அவரிடம் தபலாதான் இருக்கிறது. இருந்தும் அந்தத் திறந்த அடி விழுந்தவுடன் என் குரல் தானாக உயர்ந்துவிட்டது. ஒன்றரைக் கட்டையில் பாடிக்கொண்டிருந்தவன் இரண்டரைக் கட்டைக்குப் போய்விட்டேன். டாடிகள் ஏன் அவ்வளவு உச்சத்தில் பாடுகிறார்கள் என்பதும் அங்கே விளங்கியது. தோல் முழங்கும்போது கீழ்ச் சுருதியில் சொல் எடுபடாது.

சலோக்கிலிருந்து பௌரிக்குத் தாவும் இடம் இன்னும் முழுதாக வசப்படவில்லை. தாளமில்லாத இடத்தில் குரல் இளகிக் கிடக்கும். அடுத்த நொடி முதல் அடியோடு வரியை எறிய வேண்டும். பாய் சாஹிப் சலோக்கின் கடைசிச் சொல்லிலேயே பௌரியின் வேகத்தை மனசுக்குள் எண்ணத் தொடங்கிவிடுகிறார். அவர் தொடை மேல் விரல் அசைவதைப் பார்த்தால் தெரியும். நானும் அப்படியே செய்து வருகிறேன். முதல் எட்டுப் பௌரிகள் இப்போது புத்தகம் பார்க்காமல், தபலாவோடு நிற்காமல் போகின்றன.

இடையில் வடஹன்ஸ் வாரையும் தொட்டுப் பார்த்தேன். அதற்கு லலா, பஹலீமா கதையின் மெட்டு. மழை பொய்த்த காலத்தில் லலா, விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு தருவதாகச் சொல்லி பஹலீமாவிடம் வாய்க்கால் தண்ணீர் வாங்குகிறான். அறுவடை ஆனதும் கைவிரிக்கிறான், சண்டை மூள்கிறது. தண்ணீர்ப் பங்கீட்டுச் சண்டையின் மெட்டில் குரு ராம்தாசின் வார்! வடஹன்ஸ் ராகத்தில் கல்யாணத்துக் குதிரைப் பாட்டின் வடிவமும் உண்டு, ஒப்பாரியின் வடிவமும் உண்டு. ஊர் மக்கள் வாயில் இருந்த எதையும் குருமார்கள் தள்ளிவைக்கவில்லை. ஆனால் ஆசா தி வார் போல அது தினமும் காதில் விழுவதில்லை. பாய் சாஹிப் தன் ஆசிரியரிடம் கேட்டதை மூன்று பௌரிகளுக்குப் பாடிக் காட்டினார். கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். மத்திமத்திலிருந்து இறங்கும் இடம் ஆசாவை விட வளைவாக இருக்கிறது. அதைச் சுரப்படுத்தும் வேலை பாதியில் நிற்கிறது.

குளிர்காலம் முடிவதற்குள் ஆசா தி வாரின் பன்னிரண்டாம் பௌரி வரை போய்விட வேண்டும் என்று இருக்கிறேன். திலரூபா வாசிக்கும் ஒருவரையும் தேடிக்கொண்டிருக்கிறேன்.